படிவம் ஏன் உங்களைத் திருப்பி அனுப்புகிறது? திரை வடிவமைப்பின் அடிப்படைகள்

2022 எரிபொருள் தட்டுப்பாட்டின்போது, கியூஆர் குறியீடு இல்லாமல் பெற்றோல் அடிக்க முடியாது என்ற நிலை வந்தது. 2025 பெப்ரவரியில், அரச நிறுவனங்களுக்கான கட்டணங்களை இணையத்தில் செலுத்தும் ‘கவ்பே’ தொடங்கியது. வங்கி, மின்கட்டணம், பாடசாலை விண்ணப்பம், மருத்துவரிடம் நேரம் எடுப்பது என்று கவுண்டரில் நடந்த வேலைகள் ஒவ்வொன்றாகத் திரைக்குள் போய்க்கொண்டிருக்கின்றன. கியூவில் நிற்கும் வேலை குறையும் என்றார்கள். ஓரளவு குறையவும் செய்தது. ஆனால் பக்கத்திலேயே இன்னொரு கியூ முளைத்துவிட்டது. போட்டோகொப்பி அடிக்கும் கொமியுனிகேஷன் கடையில் அடையாள அட்டையை நீட்டி, “தம்பி, இதக் கொஞ்சம் நிரப்பித் தாங்க” என்று நிற்பவர்களின் கியூ அது.

அங்கே நிற்பவர்களில் பலரிடம் ஸ்மார்ட்போன் இருக்கிறது, டேட்டா இருக்கிறது, எழுத வாசிக்கவும் நன்றாகத் தெரியும். பிறகு ஏன் காசு கொடுத்து அடுத்தவரைக் கொண்டு நிரப்புகிறார்கள்? ‘மக்களுக்கு டிஜிட்டல் அறிவு போதாது’ என்று சொல்லிவிடுவது சுலபம். பெரும்பாலான நேரங்களில் கோளாறு திரையில்தான் இருக்கிறது. அது எப்படி என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

## யூஐ, யூஎக்ஸ்: எது என்ன?

இரண்டையும் ஒன்றாகவே சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் இரண்டும் வேறு.

1. யூஐ, அதாவது பயனர் இடைமுகம். கண்ணுக்குத் தெரிவதும் விரலுக்குப் படுவதும் இதில் அடங்கும்: பட்டன், எழுத்தின் அளவு, நிறம், பெட்டிகளின் வரிசை.
2. யூஎக்ஸ், அதாவது பயனர் அனுபவம். ஒரு வேலையைத் தொடங்கியதிலிருந்து முடிக்கும்வரை அந்த ஆளுக்கு என்னவெல்லாம் நடக்கிறது என்பது. எஸ்எம்எஸ் வந்ததா, பற்றுச்சீட்டு கிடைத்ததா, பிழை என்றால் யாரைக் கூப்பிடுவது என்பதெல்லாம் இதற்குள் வரும்.

இரண்டாவது சொல்லைப் பரவச் செய்தவர் டொன் நோர்மன். 1990களின் தொடக்கத்தில் அப்பிள் நிறுவனத்தில் வேலை செய்தபோது, ‘இடைமுகம்’ என்ற சொல் மிகக் குறுகியதாக இருக்கிறது என்று நினைத்து இதை எடுத்தார். கதவுக் கைபிடி, அடுப்புத் திருகி போன்ற சாதாரணப் பொருள்களை ஆராய்ந்து அவர் முன்வைத்த அடிப்படைக் கருத்து ஒன்றுதான்: ஒரு பொருளைப் பலரும் ஒரே மாதிரித் தவறாகப் பயன்படுத்தினால், குற்றம் பொருளின் வடிவத்தில் இருக்கிறது.

நம்மூரில் வடிவமைப்பு என்றதும் முதலில் பேச்சுக்கு வருவது நிறமும் லோகோவும்தான். முகப்புப் பக்கத்தில் படங்கள் சுழன்று நகர்கின்றன, உள்ளே போனால் படிவம் வேலை செய்வதில்லை. யூஐ-க்குச் செலவழித்துவிட்டு யூஎக்ஸை மறந்தால் இப்படித்தான் ஆகும்.

## மூன்று பெட்டிகளில் ஒன்றை மட்டும் டிக் செய்தால்

திரை சரியில்லாவிட்டால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2020 ஓகஸ்டில் அமெரிக்காவின் சிட்டி வங்கியில் நடந்ததை விடச் சிறந்த உதாரணம் கிடைப்பது கடினம்.

ரெவ்லொன் என்ற அழகுசாதன நிறுவனத்தின் கடன் தொடர்பாக, கடன் கொடுத்தவர்களுக்கு வட்டியாக ஏறத்தாழ 78 இலட்சம் டொலரை அனுப்ப வேண்டியிருந்தது. வங்கியின் பழைய மென்பொருளில், வட்டியை மட்டும் வெளியே அனுப்பி, கடனின் அசலை, அதாவது ‘முதல்’ தொகையை, உள்கணக்கிலேயே நிறுத்த வேண்டுமானால் மூன்று பெட்டிகளை நிரப்ப வேண்டும். அந்த மூன்றின் பெயர்களைப் பார்த்து ‘முதல் தொகையை நிறுத்த மூன்றும் தேவை’ என்று ஊகிக்கவே முடியாது. ‘முதல்’ என்று எழுதியிருந்த ஒன்றை மட்டும் நிரப்பினால் போதும் என்று வேலை செய்தவர்கள் நினைத்தார்கள். ஒருவர் பதிந்தார், இரண்டாமவர் சரிபார்த்தார், மூன்றாமவர் ஒப்புதல் கொடுத்தார். மூவருமே ஒரே மாதிரி நினைத்தார்கள். பணம் வங்கியை விட்டு வெளியேறப் போகிறது என்று ஓர் எச்சரிக்கை வந்தது. எவ்வளவு என்று அது சொல்லவில்லை. வட்டி போக வேண்டியதுதானே என்று அதையும் தாண்டிவிட்டார்கள். ஏறத்தாழ 90 கோடி டொலர், வங்கியின் சொந்தக் காசு, வெளியே போனது.

பெற்றவர்களில் சிலர் ஏறத்தாழ 50 கோடி டொலரைத் திருப்பிக் கொடுக்க மறுத்தார்கள். 2021 பெப்ரவரியில் தீர்ப்பு வங்கிக்கு எதிராக வந்தது. 2022 செப்டெம்பரில் மேன்முறையீட்டில்தான் அது மாறியது.

கவனிக்க வேண்டியது இதுதான்: ‘இன்னொருவரை வைத்துச் சரிபார்த்தால் போதும்’ என்று நம்மூர் அலுவலகங்களிலும் நினைக்கிறோம். ஒரே திரையை மூன்று பேர் பார்த்தால் மூன்று பேரும் ஒரே தவறைத்தான் பார்ப்பார்கள். ‘இந்தக் கட்டளையால் 89 கோடி டொலர் வெளியே போகும்’ என்று ஒரே ஒரு வரி திரையில் தெரிந்திருந்தால் கதை வேறு மாதிரி முடிந்திருக்கலாம்.

## அடிப்படை விதிகள்

திரைகளை எளிதாகப் பயன்படுத்துவது பற்றி ஆராயும் ஜேக்கப் நீல்சன் 1994 இல் பத்து விதிகளாகத் தொகுத்தவை இன்றும் துறையின் பாலபாடம். பத்தையும் இங்கே அடுக்கப் போவதில்லை. நம் அன்றாடத்தில் அதிகம் முட்டுபவை இவை.

1. என்ன நடக்கிறது என்று சொல்ல வேண்டும். பட்டனைத் தட்டி 0.1 வினாடிக்குள் ஏதாவது மாறினால் அது உடனே நடந்ததாக மனம் எடுத்துக்கொள்ளும். 1 வினாடி வரை யோசனை அறுபடாது. 10 வினாடியைத் தாண்டினால் கவனம் வேறெங்கோ போய்விடும். கட்டணம் செலுத்தும் திரை 15 வினாடி சும்மா சுழன்றால் ஆள் என்ன செய்வார்? திரும்பவும் தட்டுவார். இரண்டு தடவை காசு கழியும். தட்டியதும் பட்டனை முடக்கி, ‘வங்கியின் பதிலுக்குக் காத்திருக்கிறோம், மூடிவிடாதீர்கள்’ என்று போட்டு, ஓர் இலக்கத்தையும் கையில் கொடுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மீதிப் பாதி சேர்வரில்: ஒரே கட்டளை இரண்டு தடவை வந்தால் அதை ஒன்றாகவே கணக்கில் எடுக்க வேண்டும்.

2. திரும்பி வர வழி வேண்டும். 2018 ஜனவரி 13 அன்று அமெரிக்காவின் ஹவாய் மாநிலத்தில், ஏவுகணை வருகிறது என்ற பொய் எச்சரிக்கை எல்லோருடைய போனுக்கும் போனது. அது தவறு என்ற செய்தி போய்ச் சேர 38 நிமிடம் ஆனது. காரணங்களில் ஒன்று, எச்சரிக்கையைத் திருத்தும் செய்தி எதுவும் அந்த அமைப்பில் தயாராக இல்லை. எச்சரிக்கையை அனுப்பும் வழியை யோசித்தவர்கள், அதைத் திருத்தும் வழியை யோசித்து வைக்கவில்லை.

3. ஞாபகசக்தியைச் சோதிக்கக் கூடாது. முதல் பக்கத்தில் கொடுத்ததை நான்காவது பக்கத்தில் மறுபடி கேட்பது சோம்பேறித்தனம். இணையத் தளங்களை மாற்றுத்திறனாளிகள் உட்பட எல்லோரும் பயன்படுத்தும்படி அமைப்பதற்கான வலையணுகல் வழிகாட்டியின் 2.2 பதிப்பு (2023) இதை விதியாகவே வைத்திருக்கிறது.

4. விரலுக்கும் கண்ணுக்கும் ஏற்ற அளவு. இலக்கு சிறிதாகவும் தூரமாகவும் இருந்தால் தொட நேரமும் தவறும் கூடும் என்று 1954 இலேயே போல் ஃபிட்ஸ் என்ற உளவியலாளர் கணக்கிட்டுக் காட்டினார். அதனால்தான் அப்பிள் 44 புள்ளி அளவையும் அண்ட்ரொய்ட் 48 அலகையும் குறைந்தபட்சத் தொடு அளவாகப் பரிந்துரைக்கின்றன. 138 பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையின் பெருவிரலால் தட்டிப் பார்த்தால் இந்த எண்கள் ஏன் முக்கியம் என்று புரியும். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையில் குறைந்தது 4.5-க்கு 1 என்ற வேறுபாடு வேண்டும். வெள்ளையில் வெளிர்சாம்பல் எழுத்து வடிவமைப்பாளரின் குளிரூட்டிய அறையில் அழகாகத்தான் இருக்கும், நண்பகலில் கொழும்பின் காலி வீதியில் நின்று பார்த்தால் வெறும் வெள்ளை.

## இலங்கைப் படிவம் முட்டும் இடங்கள்

பொது விதிகள் எங்கும் ஒன்றுதான். ஆனால் அவை உடைவது எப்போதும் உள்ளூர் விவரங்களில்.

அடையாள அட்டை இலக்கம். பழைய அட்டையில் 9 எண்களும் கடைசியில் ‘வி’ அல்லது ‘எக்ஸ்’ என்ற ஆங்கில எழுத்தும். 2016 முதல் வந்த புதியதில் 12 எண்கள், எழுத்து இல்லை. இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன. இப்போது ஒரு படிவம் இந்தப் பெட்டியை ‘எண் மட்டும்’ என்று அமைத்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியைத் தொட்டதும் போனில் எண் விசைகள் மட்டுமே எழும். பழைய அட்டை வைத்திருப்பவருக்கு ‘வி’ அடிக்க வழியே இல்லை. எழுத்தில்லாமல் 9 எண்ணை மட்டும் அடித்தால் ‘தவறான உள்ளீடு’ என்று சிவப்பில் ஒரு வரி. என்ன தவறு என்று அது சொல்லாது. கொமியுனிகேஷன் கடைக்கு ஒரு வாடிக்கையாளர் கிடைத்துவிட்டார்.

சரியாகச் செய்வது எப்படி? இரண்டு வடிவத்தையும் ஏற்க வேண்டும், சின்ன ‘வி’யைப் பெரிய ‘வி’யாகத் தானே மாற்றிக்கொள்ள வேண்டும், இடைவெளி விழுந்தால் தானே நீக்க வேண்டும். பிழை என்றால் ‘9 எண்களும் ஓர் எழுத்தும் வேண்டும், நீங்கள் 8 எண்கள்தான் கொடுத்திருக்கிறீர்கள்’ என்று சொல்ல வேண்டும்.

இன்னொன்று. இந்த இலக்கத்துக்குள்ளேயே பிறந்த ஆண்டும் நாளும் பாலும் இருக்கின்றன. 90045 என்று தொடங்கினால் 1990 ஆம் ஆண்டின் 45 ஆவது நாள், அதாவது பெப்ரவரி 14 இல் பிறந்த ஆண். பெண்ணாக இருந்தால் நாளோடு 500 சேர்ந்து 90545 ஆகும். புதிய அட்டையில் அதே பெண்ணுக்கு 1990545 என்று தொடங்கும். அப்படியிருக்க, இலக்கத்தை வாங்கிக்கொண்ட படிவம் கீழே பிறந்த திகதியை மூன்று தனித்தனிப் பட்டியலில் தேடச் சொல்கிறது, ஆண்டுப் பட்டியல் வேறு இந்த வருடத்திலிருந்து தொடங்கிப் பின்னோக்கி ஓடுகிறது. தானே நிரப்பிக் காட்டி, ‘சரியா?’ என்று கேட்டால் போதுமே.

பெயர். ‘முதற்பெயர்’, ‘குடும்பப்பெயர்’ என்று இரண்டு கட்டாயப் பெட்டிகள். நம்மில் பலருக்குத் தகப்பன் பெயரும் தன் பெயரும்தான் உண்டு, குடும்பப்பெயர் என்று ஒன்று கிடையாது. ஒருவர் தகப்பன் பெயரைக் குடும்பப்பெயராகப் போடுவார், இன்னொருவர் தன் பெயரையே அங்கே போடுவார், மூன்றாமவர் இனிஷலைப் போட்டால் ‘ஒரு எழுத்து போதாது’ என்று படிவம் மறுக்கும். பாதிப்பு அங்கே முடிவதில்லை. வங்கியில் ஒரு வரிசை, கடவுச்சீட்டில் ஒரு வரிசை, செயலியில் ஒரு வரிசை என்றால், பெயர்களை ஒப்பிட்டுப் பார்க்கும் இயந்திரத்துக்கு அது மூன்று வெவ்வேறு ஆள். பிறகு பிரதேச செயலகத்துக்கும் வங்கிக்கும் கடிதத்தோடு அலைய வேண்டியதுதான். ‘அடையாள அட்டையில் உள்ளபடி முழுப்பெயர்’ என்று ஒரே பெட்டி வைத்தால் இந்த அலைச்சல் இல்லை.

முகவரி. கொழும்பில் 47/2, 115/3ஏ என்று சரிகோடு இல்லாத வீட்டு இலக்கம் குறைவு. சரிகோட்டை ‘அனுமதிக்கப்படாத குறி’ என்று மறுக்கும் படிவத்தை எழுதியவர் எந்த ஊரில் இருந்தாரோ தெரியாது. தபால் குறியீடும் அப்படித்தான்: கொழும்பு 06-க்கு 00600, கொழும்பு 13-க்கு 01300. இதை வெறும் எண்ணாகச் சேமித்தால் முன்னாலுள்ள சுழியங்கள் விழுந்து 600, 1300 என்று நிற்கும். கைத்தொலைபேசி இலக்கத்தின் 0-வுக்கும் அதே கதி. கணக்குப் போடாத எண்ணை எழுத்தாகவே சேமிக்க வேண்டும் என்பது மென்பொருள் எழுதுபவர்களின் முதல் வருடப் பாடம்தான்.

## மூன்று மொழி, ஒரு திரை

பஸ் போர்டைப் பாருங்கள். பெரிதாக ஓர் எண், பக்கத்தில் மூன்று மொழியிலும் ஊர்ப்பெயர். 100 என்று தூரத்தில் கண்டதும் பாணந்துறைப் பக்கம் போகிறவர் கையை நீட்டிவிடுவார். மொழி எதுவானாலும் எண் ஒன்றுதான். கொழும்பில் யாரும் ‘யூஎக்ஸ்’ என்று பேசத் தொடங்குவதற்கு முன்பிருந்தே வேலை செய்யும் நல்ல வடிவமைப்பு அது.

திரைக்கு வந்தால் நிலைமை வேறு. 1987 இன் 13 ஆம் திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி. ஆனால் பல தளங்களில் முகப்பு தமிழில் இருக்கும், படிவம் ஆங்கிலத்துக்கு மாறும், பிழைச் செய்தி இன்னொரு மொழியில் வரும். ஆள் தடுமாறும் இடம் பிழைச் செய்திதான்; கைவிடப்பட்டதும் அதுவேதான். மொழிபெயர்ப்பாளரிடம் முகப்பின் வாசகங்கள் மட்டும் போகின்றன, பிழைச் செய்திகள் நிரலுக்குள்ளேயே தங்கிவிடுகின்றன.

தமிழுக்கென்றே சில தொழில்நுட்ப விஷயங்கள் உண்டு.

1. ஒரே விஷயத்தைச் சொல்லத் தமிழுக்கு ஆங்கிலத்தை விட நீளம் கூடுதலாகத் தேவைப்படும். ஆங்கிலத்துக்கு அளந்து வெட்டிய பட்டனில் தமிழ் பாதியோடு நிற்கும். மேலே விசிறியும் கீழே சுழியும் இருப்பதால் வரிகளுக்கிடையில் இடமும் கூட வேண்டும்.

2. ஆங்கில எழுத்து எஸ்எம்எஸ் ஒன்றில் 160 குறிகள் அடங்கும். தமிழ் என்றால் யூனிகோட், 70 குறிகள்தான். அதிலும் ‘கொழும்பு’ நமக்கு நான்கு எழுத்து, கணினிக்கு எட்டுக் குறி. ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸில் முடியும் ஓடிபி செய்தி தமிழில் இரண்டாகும், செலவும் இரண்டு மடங்கு. தமிழ்ச் செய்தி வராததற்கு இதுவும் ஒரு காரணம். செய்தியைச் சுருக்கி எழுதினால் தீரும் பிரச்சினைதான், யாராவது உட்கார்ந்து எழுத வேண்டும்.

3. நிரலில் வாக்கியத்தை ஒட்டுப்போடக் கூடாது. ‘கொழும்பு இலிருந்து யாழ்ப்பாணம் இற்கு’ என்று டிக்கெட் திரையில் வருவது ஒட்டுப்போட்டதன் விளைவு. ‘புறப்படும் இடம்: கொழும்பு’, ‘சேரும் இடம்: யாழ்ப்பாணம்’ என்று போட்டால் வேற்றுமை உருபே தேவைப்படாது.

4. மொழியை மாற்றும் பட்டன் எல்லாப் பக்கத்திலும் இருக்க வேண்டும், மாற்றினால் அதுவரை நிரப்பியது அழியக் கூடாது. இரண்டாவது விஷயத்தில்தான் பெரும்பாலானோர் கோட்டை விடுகிறார்கள்.

## வேண்டுமென்றே செய்யும் கோணல்

மேலே சொன்னவை கவனக்குறைவு. தெரிந்தே செய்வதும் உண்டு. சேர்வதற்கு ஒரு தட்டு, விலகுவதற்கு ஆறு பக்கம். ‘சம்மதம்’ பளிச்சென்று, ‘வேண்டாம்’ மங்கலாக ஒரு மூலையில். யூஎக்ஸ் வடிவமைப்பாளர் ஹரி பிரிக்னல் 2010 இல் இவற்றுக்கு ‘டார்க் பேட்டர்ன்’ என்று பெயர் வைத்தார். ஃபோர்ட்நைட் விளையாட்டில் பட்டன்கள் தவறுதலாகப் பொருள் வாங்க வைத்ததற்காக எபிக் கேம்ஸ் நிறுவனம் 24.5 கோடி டொலர் கொடுக்க வேண்டி வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம், இணையத் தளங்கள் பயனரை ஏமாற்றும்படி திரை அமைப்பதைத் தடை செய்கிறது. நம்மிடம் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அது பார்ப்பது தரவை. ரீலோட் காசைத் தின்னும் பட்டன் அதன் முதல் கவலை அல்ல.

## யாரை வைத்துச் சோதிப்பது?

ஒரு திரையின் பெரிய ஓட்டைகளைப் பிடிக்க ஐந்து பேர் போதும் என்பது நீல்சனின் பிரபலமான பரிந்துரை. ஆனால் அந்த ஐவரும் ஒரே வகைப் பயனர்களாக இருக்கும்போதுதான் அந்தக் கணக்கு பொருந்தும். மூன்று மொழி என்றால் மூன்று ஐவர். வேலையைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு பார்ப்பதுதான் சோதனை. ‘அந்தப் பட்டனை அழுத்துங்க அக்கா’ என்று சொன்ன நொடியில் அது பயிற்சி வகுப்பாகிவிடும்.

கொழும்பில் சோதிப்பவர்கள் ஒருபோதும் கணக்கில் எடுக்காத ஒருவர் இருக்கிறார்: கொமியுனிகேஷன் கடைக்காரர். படிவம் ஒருவருடையது, விரல் இன்னொருவருடையது. வாடிக்கையாளர் போனை வீட்டில் வைத்துவிட்டு வந்தால் ஓடிபிக்குக் கடைக்காரரின் இலக்கத்தையே கொடுத்துவிடும் அபாயம் உண்டு. பிறகு கடவுச்சொல் மறந்தால் மீட்கும் செய்தி அந்தக் கடைக்குத்தான் போகும். இது பாதுகாப்புக்குப் பெரிய ஓட்டை. ‘வேறொருவருக்காக நிரப்புகிறேன்’ என்ற ஒரு தெரிவையும், விண்ணப்பதாரரின் சொந்த இலக்கத்தைப் பின்னர் உறுதிசெய்யும் வழியையும் வைத்தால் இதை அடைக்கலாம்.

சோதனைக்குக் காசில்லை என்பவர்கள் இன்னொன்றைச் செய்யலாம். எந்தப் பெட்டியில் எத்தனை தடவை பிழை விழுந்தது, எந்தப் பக்கத்தில் ஆட்கள் விட்டுவிட்டுப் போனார்கள் என்பதைச் சேர்வரில் பதிந்து வைக்கச் சில மணிநேர வேலை போதும். பெட்டியின் பெயரையும் எண்ணிக்கையையும் மட்டும் எடுத்தால் யாருடைய தரவையும் தொட வேண்டியதில்லை. மாதம் ஒருமுறை அந்தப் பட்டியலை எடுத்து, முதலிடத்தில் நிற்கும் பெட்டியைத் திருத்தினால், அடுத்த மாதம் முதலிடத்துக்கு வேறொன்று வரும். அடையாள அட்டைப் பெட்டியிலிருந்து தொடங்கலாம்.